மிஷன் மருத்துவமனைக்குத் தொண்டு செய்யப் போகுமுன்

நர்ஸிங் முடித்த பெண், ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்த பையன், ஓய்வு பெற்ற பல் மருத்துவர், மருத்துவமே தெரியாத கல்லூரி மாணவர் என்று பலரும் ஓர் ஆசையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்காவது ஒதுக்குப்புறமான மிஷன் மருத்துவமனையில் கொஞ்ச நாள் தொண்டு செய்துவிட்டு வரவேண்டும் என்ற ஆசை அது. நல்ல ஆசைதான். ஆனால் அங்கே என்ன வேலை இருக்கும், யாருக்குக் கீழே இருக்கும், நாம் திரும்பிய பிறகு அந்த ஊருக்கு அதனால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. அதனால் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: லாப்ரடார் கடற்கரையும் அதற்குத் தெற்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையும். இன்று இரண்டும் கனடாவின் கிழக்கோர மாகாணம் ஒன்றைச் சேர்ந்தவை. அந்த மாகாணம் 1949-ல்தான் கனடாவோடு இணைந்தது. அங்கே கிரென்ஃபெல் மிஷன் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் மருத்துவமனைகளை நடத்தியது. தொண்டர்களை வைத்தே வளர்ந்த மிஷன் அது. அவர்களால் விளைந்த நன்மையும் தீமையும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன.

லாப்ரடார் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆண்டில் பாதி மாதங்கள் கடல் உறைந்து கிடக்கும். மிஷன் தொடங்கிய காலத்தில் அந்த மாதங்களில் கப்பல் வராது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிதான் போக்குவரத்து. கோடை வந்தால் காட் மீன் பிடிக்கத் தெற்கிலிருந்து ஆயிரக்கணக்கான மீனவர் குடும்பங்கள் வந்து கரையோரக் குடில்களில் தங்கும். மீனை உப்பிட்டுப் பாறைகளின் மேல் காயவைத்துக் கருவாடாக்கி வியாபாரிகளுக்குக் கொடுப்பார்கள். இவர்களைத் தவிர ஆண்டு முழுதும் அங்கேயே வாழ்கிற இன்யூட், இன்னு என்ற பழங்குடி மக்களும், பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறியவர்களின் வழியினரும் உண்டு. வடக்கே மொரேவியன் திருச்சபை மிஷனரிகள் 1771 முதலே இருந்தார்கள். தெற்குப் பகுதிக்கோ மீன்பிடி காலத்தில் தபால் கப்பலோடு வந்துபோகும் ஒரு மருத்துவரை விட்டால் வேறு கதி இல்லை.

1892-ல் இங்கிலாந்திலிருந்து 'ஆல்பர்ட்' என்ற பாய்க்கப்பலில் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் வந்தார். வயது 27. ஆழ்கடல் மீனவர்களுக்கான மிஷன் ஒன்று அனுப்பிய மருத்துவர். அந்தக் கோடையில் ஏறத்தாழ 900 நோயாளிகளைப் பார்த்தார். மறுவருடமே இரண்டு மருத்துவர்களையும் இரண்டு நர்ஸ்களையும் அழைத்துவந்து, ஒரு மீன் வியாபாரக் கம்பெனி கொடுத்த வீட்டில் பேட்டில் ஹார்பர் என்ற சிறு தீவில் மருத்துவமனை திறந்தார். பிறகு இந்தியன் ஹார்பர், செயின்ட் அந்தோணி, நார்த் வெஸ்ட் ரிவர் என்று வரிசையாக மருத்துவமனைகளும், ஒரே நர்ஸ் நடத்தும் சிறு நிலையங்களும் வந்தன. 1914-ல் சர்வதேச கிரென்ஃபெல் சங்கம் என்ற தனி அமைப்பாயிற்று.

வந்த நோய்கள் எவை என்று பார்த்தால் அந்த ஊரே தெரிந்துவிடும். எண்ணெய்த்துணிச் சட்டையின் கைவிளிம்பு உரசி மீனவர்களின் மணிக்கட்டில் வரும் சீழ்க்கொப்புளம், தூண்டில் முள் குத்திப் புரையோடிய விரல், உறைபனியில் கருகிய கால், சொத்தைப் பல், காசநோய், ஸ்கர்வி, பெரிபெரி. கொப்புளத்தைக் கீறிவிடலாம், பல்லைப் பிடுங்கிவிடலாம். கடைசி மூன்றும் அப்படித் தீர்கிறவை அல்ல.

பெரிபெரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மீனவர் கையில் காசு புழங்காது. பருவத் தொடக்கத்தில் வியாபாரி வலை, உப்பு, மாவு, தேநீர்த்தூள், வெல்லப்பாகு எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பார். பருவ முடிவில் கருவாட்டை எடுத்துக்கொள்வார். கொடுக்கும் சரக்குக்கும் எடுக்கும் மீனுக்கும் விலை வைப்பவர் அவரே. கணக்கு ஆண்டுக்காண்டு தீராமல் நீளும். குளிர்காலத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை மாவும் தேநீரும்தான். தவிடு நீக்கிய அந்த மாவில் பி1 என்கிற தயமின் சத்து மிகக் குறைவு. குளிர்காலக் கடைசியில் கால் மரத்து, எழுந்து நடக்கமுடியாமல் மக்கள் படுத்துவிடுவார்கள். மருத்துவமனையில் படுக்கவைத்து நல்ல உணவு கொடுத்தால் தேறுவார்கள். வீட்டுக்குப் போய் அதே மாவைத் தின்றால் அடுத்த ஆண்டும் அதே கதை. நோயின் வேர் வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இதைக் கண்டுகொண்டதால்தான் கிரென்ஃபெல் 1896-லேயே ரெட் பே என்ற ஊரில் மீனவர்களின் கூட்டுறவுக் கடையைத் தொடங்க உதவினார். வியாபாரிகள் அவரைப் பகைத்துக்கொண்டார்கள். முட்டைக்கோஸ் நாற்று வளர்க்கச் செயின்ட் அந்தோணியில் கண்ணாடிக் கூடம் அமைத்ததும் இதே காரணத்தால்தான். தவிடு நீக்காத மாவைத் தின்னுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அதை ஏழைகளின் மாவு என்று மக்கள் வெறுத்தார்கள். 1944-ல் வெள்ளை மாவிலேயே அந்தச் சத்துகளைச் சேர்த்து விற்க அரசு ஏற்பாடு செய்த பிறகே நிலைமை மாறியது.

இந்தப் பெரிபெரிக் கதைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1920-களில் நியூஃபவுண்ட்லாந்தில் இளம் மருத்துவராக வேலை பார்த்து இந்த நோயைக் கண்டவர்களில் ஒருவர் வாலஸ் அய்க்ராய்ட். அங்கும் லாப்ரடாரிலும் பெரிபெரி எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அவரே 1935-ல் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்தார். பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ணும், ஆந்திரக் கரையோர வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதையும், புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து தவிட்டோடு போய்விடாமல் அரிசிக்குள்ளேயே தங்குவதையும் அவருடைய குழு எடுத்துக்காட்டியது. நம் உணவுகளில் எதில் என்ன சத்து என்ற அட்டவணையை 1937-ல் வெளியிட்டதும் அவர்கள்தான். ஒரு தூரத்துக் கரையில் கண்ட நோயை, அது ஏன் வருகிறது என்று கேட்கத் தெரிந்தவர் எங்கே போனாலும் பயன்படுவார். தொண்டுக்குப் போகிறவர் கொண்டுபோக வேண்டிய முதல் பழக்கம் இந்தக் கேள்விதான்.

இனித் தொண்டர்களின் கதை. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலிருந்து ஹார்வர்டு, யேல் முதலிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து கோடை விடுமுறைக்கு மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். ஊதியமில்லா வேலையாட்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அவர்களை 'வாப்' என்று அழைத்தார்கள். பலர் வழிச்செலவையும் தாங்களே போட்டுக்கொண்டார்கள். நெல்சன் ராக்ஃபெல்லரும் அவர் தம்பி லாரன்ஸும் 1929 கோடையில் வந்தவர்கள். பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளைகளானாலும் வேலை ஒன்றுதான்: கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குவது, வாய்க்கால் வெட்டுவது, கான்கிரீட் கலப்பது, விறகு அடுக்குவது, சுவருக்கு வண்ணம் பூசுவது. நோயாளியைத் தொடும் வேலை அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது.

இதைப் படிக்கும்போது மருத்துவத் தொண்டு என்பது இதுதானா என்று சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ மிஷன் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இது முக்கியமானதாகப் படுகிறது. அறுவை அறைக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் குழாய் வேண்டும், குழாய்க்குப் பள்ளம் வேண்டும். குளிர் வருமுன் நிலக்கரி கிடங்கில் ஏறாவிட்டால் ஜனவரியில் வார்டு நடக்காது. இரண்டு மாதம் மட்டுமே இருக்கப்போகிற, அனுபவமில்லாத ஒருவரின் உடலுழைப்பை, அவர் போன பிறகும் நிற்கக்கூடிய ஒன்றில் செலவிட்டார்கள். இன்றும் எந்த மிஷன் மருத்துவமனையிலும் இதே நிலைதான். மருந்துக் கிடங்கைக் கணக்கெடுப்பது, நோயாளிப் பதிவேட்டைச் சீர்செய்வது, பழுதான ஜெனரேட்டரையும் ஆட்டோகிளேவையும் ஓடவைப்பது, துணி துவைப்பது, சமைப்பது போன்ற வேலைகளுக்கு ஆள் பற்றாமல்தான் அங்குள்ள மருத்துவர்கள் திண்டாடுகிறார்கள். ஸ்டெதஸ்கோப் இல்லாதவருக்கும் அங்கே இடம் உண்டு. எலக்ட்ரீஷியனுக்கு மருத்துவரைவிட அதிக வரவேற்புகூட இருக்கலாம்.

ஆனால் அந்தக் கரையைக் காப்பாற்றியவர்கள் கோடைத் தொண்டர்கள் அல்ல. கோடை முடிந்ததும் கப்பல்கள் புறப்படும். படிப்பு இருப்பவர்கள் ஏறிப் போவார்கள். அதன்பின் பிரசவமும் நிமோனியாவும் கோடரி வெட்டும் நிற்கப்போவதில்லை. அப்போது யார் இருந்தார்கள்?

ஃபோர்டோ போன்ற சிறு நிலையங்களில் ஒரே ஒரு நர்ஸ் இருந்தார். சுற்றிலும் பல மைலுக்கு மருத்துவர் கிடையாது. பிரசவம் பார்ப்பது, பல் பிடுங்குவது, எலும்பு கட்டுவது எல்லாம் அவர்தான். நாய்வண்டியில் இரவோடு இரவாகப் போவதும் அவர்தான். நார்த் வெஸ்ட் ரிவரில் ஹாரி பேடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1912-ல் வந்து 1939-ல் சாகும்வரை அந்தக் கரைக்கே உழைத்தார். அவர் மனைவி மினா, நர்ஸாக வந்தவர். கணவர் இறந்தபின் போர்க்காலம் முழுதும் மருத்துவர் இல்லாமலே அந்த மருத்துவமனையை அவர் நடத்தினார். மகன் டோனி கடற்படையிலிருந்து திரும்பி மருத்துவராகப் பொறுப்பேற்றார், காசநோயைத் தேடிப் படகில் ஊர் ஊராகப் போனார். சார்லஸ் கர்ட்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1915-ல் கொஞ்ச காலத்துக்கென்று வந்தவர்; வாழ்நாள் முழுதும் செயின்ட் அந்தோணியில் தங்கிவிட்டார். இன்று அங்கிருக்கும் மருத்துவமனை அவர் பெயரில்தான் இருக்கிறது.

கிரென்ஃபெல்லின் பெயர் உலகமெங்கும் பரவக் காரணமான சம்பவத்திலும் அங்கேயே இருந்தவர்களின் பங்கைப் பார்க்கலாம். 1908 ஏப்ரலில் கால் எலும்பில் சீழ்வைத்த ஒரு சிறுவனைப் பார்க்க அவர் நாய்வண்டியில் புறப்பட்டு, உறைந்த விரிகுடாவைக் குறுக்கே கடக்கையில் பனி உடைந்து, மிதக்கும் பனித்துண்டு ஒன்றில் மாட்டிக்கொண்டார். மூன்று நாய்களைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்தி இரவைக் கழித்தார். மறுநாள் உடைந்த பனிக்கிடையே படகு செலுத்தி அவரை மீட்டவர்கள் அந்தக் கரையின் மீனவர்கள். சம்பவம் புத்தகமானது, நன்கொடை குவிந்தது. படகோட்டிய மீனவர்களின் பெயர்கள் வெளியே அதிகம் தெரியாது. மிஷன் வரலாறுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். எல்லாப் பக்கத்திலும் மருத்துவர் தெரிவார்; அவருக்கு வழி காட்டியவர், நாய் ஓட்டியவர், வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டவர், பிரசவத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஊர்க்கிழவி ஆகியோரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவிப்பதில் மிஷன் நல்ல காரியங்களைச் செய்தது. கரையோரப் பிள்ளைகளை நியூயார்க்கின் பிராட் தொழிற்கல்லூரிக்கு அனுப்பியது. திரும்பிவந்தவர்கள் தச்சு, மின்சாரம், எந்திரம் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 1906-ல் ஜெஸ்ஸி லூத்தர் என்ற கைத்தொழில் ஆசிரியை வந்து தறி வேலை தொடங்கினார். பழந்துணியைக் கொக்கியால் கோத்துப் பாய் பின்னுவது அங்குள்ள பெண்கள் முன்பே அறிந்திருந்த வேலை. அதை மிஷன் விற்பனைக்கு ஏற்றதாக்கியது. பிற்காலத்தில் அமெரிக்கப் பெண்களிடம் கிழிந்த பட்டுக் காலுறைகளைக் கேட்டு வாங்கி, சாயமேற்றி, அந்த நூலில் பாய் பின்னினார்கள். பனிக்கரடியும் நாய்வண்டியும் கொண்ட அந்தப் பாய்களை இன்று அருங்காட்சியகங்கள் வைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் மாவு வாங்க அந்தப் பெண்களின் கையில் வியாபாரியின் கணக்கில் சேராத வருமானம் கிடைத்தது. மருந்துச் சீட்டைவிட இது பெரிய மருந்து.

கெடுதலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1918-ல் இன்ஃப்ளுவன்சா அந்தக் கரையில் புகுந்தது. மொரேவியன் மிஷன் கப்பல் வழியாகவே அது வடக்கே போயிற்று. ஒகாக் என்ற இன்யூட் ஊரில் 260-க்கு மேற்பட்டவர்களில் 200-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரே அழிந்தது. அநாதைகளான பிள்ளைகளுக்கு இடம் தேடியபோது விடுதிப் பள்ளிகள் பெருகின. கிரென்ஃபெல் சங்கமும் பள்ளி விடுதிகளை நடத்தியது. இரக்கத்தால் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், பெற்றோர் இருந்த பிள்ளைகளும் ஊரிலிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழியை இழந்து, பலர் அடியும் அதைவிட மோசமான கொடுமைகளும் பட்டு வளர்ந்தார்கள். 2017 நவம்பர் 24 அன்று ஹேப்பி வேலி-கூஸ் பேயில் கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கிரென்ஃபெல் சங்கம் நடத்தியவையும் அவற்றில் அடக்கம். மருத்துவமனையில் உயிர் பிழைத்த குடும்பத்தின் பிள்ளையே விடுதியில் சிதைந்திருக்கக்கூடும். நல்லெண்ணம் உள்ளவர்கள் ஊராரைக் கேட்காமல் ஊராருக்காக முடிவெடுத்தார்கள். அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

அப்படியானால் குறுகிய காலத்துக்குப் போவதே வீண் என்று சொல்லிவிட முடியாது. கண் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் கோடையில் அங்கே வந்தார்கள், பலன் இருந்தது. காரணம் எளிது. எந்த நோயாளிக்குக் கண்புரை, யாருக்குப் பல் என்று குளிர்காலம் முழுதும் அங்கிருந்த நர்ஸ்கள் பார்த்துவைத்திருப்பார்கள். நிபுணர் வந்து அறுவை செய்வார். கட்டைப் பிரிப்பதும், புண்ணைப் பார்ப்பதும், சீழ் வைத்தால் கவனிப்பதும் திரும்பவும் அந்த நர்ஸ்கள். வருகிறவர் கிணற்றுக்குள் இறங்கும் வாளி மாதிரி; கயிற்றைப் பிடிக்க மேலே ஆள் இருந்தால்தான் தண்ணீர் வரும். அறுவை செய்துவிட்டு ஆறாம் நாள் விமானம் ஏறிவிடும் முகாம்களில் சிக்கல் வருவது பத்தாம் நாள்தான்.

இன்று போகிறவர் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே போய்ச் செய்யக்கூடாது. மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இங்கே தையல் போடத் துணை வேண்டும் என்றால் அங்கேயும் வேண்டும். ஏழை நோயாளியின் உடல் நாம் கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலிடமோ நர்ஸிங் கவுன்சிலிடமோ தற்காலிகப் பதிவு வாங்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்று சொல்லும் மருத்துவமனையை நம்ப வேண்டாம். வீட்டில் மிஞ்சிய மருந்து, கம்பெனி இலவசமாகக் கொடுத்த மருந்து என்று பெட்டி நிறையக் கொண்டுபோவது உபகாரம் இல்லை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும், அந்த நாட்டுப் பட்டியலில் உள்ளதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் உண்டு. நோயாளிகளைப் படம் எடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும். படுக்கையில் கிடப்பவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார் என்பதால் எடுக்காமல் இருப்பதே நல்லது. மிஷன் என்றால் ஜெபமும் வழிபாடும் இருக்கும். உங்களிடம் அதில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை முன்பே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பேசும் மொழியில் 'எங்கே வலிக்கிறது', 'எத்தனை நாளாக' என்ற அளவுக்காவது பழகிக்கொண்டு போங்கள்.

ஒற்றை நர்ஸின் வாழ்க்கை எப்படியிருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் எலியட் மெரிக் 1942-ல் வெளியிட்ட 'நார்தர்ன் நர்ஸ்' புத்தகத்தைப் படிக்கலாம். கோடைத் தொண்டராகப் போய் அங்கேயே பள்ளி ஆசிரியராகத் தங்கிய மெரிக், தாம் மணந்த ஆஸ்திரேலிய நர்ஸ் கேட் ஆஸ்டினின் அனுபவங்களை அவர் சொல்வதாகவே எழுதியிருக்கிறார்.

1981-ல் கிரென்ஃபெல் சங்கம் தன் மருத்துவமனைகளின் பொறுப்பை அரசின் வட்டார சுகாதார வாரியத்திடம் விட்டது. சங்கம் இன்றும் இருக்கிறது. கையிலுள்ள நிதியிலிருந்து அந்தக் கரையோர ஊர்களுக்கு மானியமும் மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறது. ஒரு மிஷன் மருத்துவமனைக்கு இதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது என்பது என் எண்ணம். ஊருக்கு மருத்துவம் ஓர் உரிமையாகி, தொண்டர்களை எதிர்பார்த்து நிற்கும் நிலை தீர வேண்டும்.

அதனால் போகும் ஆசை உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் போடுமுன் அந்த மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள். நான் பார்த்த நோயாளியை அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள்? உங்களிடம் வேலை செய்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்? எல்லாரும் வரும் பருவத்தை விட்டு, யாரும் வராத மாதங்களில் நான் வந்தால் உதவியாக இருக்குமா? பதில் திருப்தியாக இருந்தால் போங்கள், கூடுமான வரை அதிக நாள் இருங்கள், கொடுத்த வேலையைச் செய்யுங்கள். போக முடியாவிட்டால் விமானக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணத்தை அந்த ஊர்ப் பெண் ஒருத்தி நர்ஸிங் படிக்கக் கொடுங்கள்.